சுண்டெலியின் வளரும் சுவாசப்பையில் சளியைத் தேடுதல்: கருநாள் முதல் நான்காம் வாரம் வரை

கருவின் பதினாறாம் நாளில் எடுத்த சுண்டெலிச் சுவாசப்பையை மெல்லியதாகச் சீவி, வெல்லங்களைச் சிவப்பாக்கும் பெரயோடிக் அமில-ஷிஃப் முறையில் நிறமூட்டி நுணுக்குக்காட்டியின் கீழ் வைத்தால், கிளைத்துச் செல்லும் குழாய்களின் சுவரெல்லாம் பீட்ரூட் கறியின் நிறத்தில் மின்னும். முதன்முதலில் அதைப் பார்த்தபோது, கருவிலேயே இவ்வளவு சளி சுரக்கிறதா என்று வியந்து, இரண்டு கிழமைகள் அந்தச் சிவப்பை எண்ணிக் குறிப்பேட்டை நிரப்பினேன். பின்னர் மூத்த ஆய்வுகூட உதவியாளர் ஒருவர், அடுத்த வெட்டுமுகத்தின்மீது சிறிது உமிழ்நீரை விட்டு அரை மணி நேரம் வைத்துக் கழுவிவிட்டு நிறமூட்டச் சொன்னார். சிவப்பில் பெரும்பகுதி காணாமற் போயிற்று. நான் எண்ணியது சளியை அல்ல, உமிழ்நீர் செரித்துவிடும் கிளைக்கோசன் என்ற சேமிப்பு வெல்லத்தை. கொழும்பில் இழையவியல் படிப்போரும், குறைந்த வசதிகளுடன் விலங்காய்வு செய்யும் பட்டப்பின் மாணவர்களும் அந்த இரண்டு கிழமைகளை இழக்காதிருப்பதற்காகவே இதை எழுதுகிறேன்.

எதை அளக்கிறோம் என்பதைப் பிரித்துக்கொள்ளல்

பாடநூல்கள் சீதம் என்று குறிப்பிடும் சளி, நீரும் உப்புகளும் கலந்த ஒரு கூழ்ப்பொருள். அதற்குக் கூழ்த்தன்மையைத் தருபவை மியுசின்கள் எனப்படும் மாபெரும் புரதங்கள். அவற்றின் எடையில் பாதிக்கும் மேற்பட்டது புரதம் அன்று, அதில் தொங்கும் வெல்லச் சங்கிலிகளே. சுவாசவழியில் கூழை உருவாக்கும் மியுசின்களில் முதன்மையானவை இரண்டு: மியுசின் 5பி, மியுசின் 5ஏசி. சுண்டெலியில் இவற்றின் பரம்பரையலகுகள் ஏழாம் நிறமூர்த்தத்திலும், மனிதரில் பதினோராம் நிறமூர்த்தத்திலும் அருகருகே அமைந்துள்ளன. நலமுள்ள சுண்டெலியின் சுவாசவழியை நாளாந்தம் காப்பது 5பி என்பதும், அது இல்லாத விலங்குகளில் கலங்களின் நுண்மயிர்களான பிசிர்கள் துகள்களை வெளியேற்ற இயலாமற் போய்த் தொற்று குடிகொள்கிறது என்பதும் 2014இல் வெளியான ஆய்வில் நிறுவப்பட்டன. 5ஏசி பெரும்பாலும் ஒவ்வாமை போன்ற தூண்டல்களின்போதே மிகுதியாகச் சுரக்கிறது.

ஆய்வைத் தொடங்கும் முன்னர் மூன்று செயல்களை மனதில் தனித்தனியே வைத்துக்கொள்ள வேண்டும். மியுசினைக் கலம் ஆக்குவது ஒன்று. ஆக்கியதை மணிகளாகச் சேமிப்பது இன்னொன்று. சேமித்ததை வெளிவிடுவது மூன்றாவது. நிறமூட்டல் காட்டுவது இரண்டாவதை மட்டுமே. வளர்ந்த சுண்டெலியின் சுவாசக்குழாய்களில் உள்ள கிளப் கலங்கள் எனும் சுரப்புக் கலங்கள் 5பி மியுசினை ஓயாமல் ஆக்குகின்றன. ஆயினும் ஆக்கிய வேகத்திலேயே வெளிவிட்டுவிடுவதால், நிறமூட்டிய தகட்டில் அவை வெறுமையாகவே தோன்றும். வெளிவிடலுக்குத் துணைநிற்கும் மன்க் 13-2 என்ற புரதத்தை நீக்கிய சுண்டெலிகளில், எந்த அழற்சியும் இல்லாமலே அதே கலங்களில் சளி தேங்கி நிற்பதை 2008இல் காட்டினார்கள். ஆகவே தகட்டில் நிறமில்லை என்பதைச் சளி உற்பத்தி இல்லை என்று எழுதுவதும், நிறம் கூடியது என்பதை உற்பத்தி கூடியது என்று எழுதுவதும் ஒரே தவறின் இரு முகங்கள். (கிளப் கலத்தைப் பழைய நூல்கள் கிளாரா கலம் என்று குறிப்பிடும். அந்தப் பெயருக்குரிய மக்ஸ் கிளாரா, நாட்சி ஆட்சியில் தூக்கிலிடப்பட்ட கைதிகளின் இழையங்களைப் பயன்படுத்தியவர் என்பது தெளிவானபின், 2013 முதல் ஆய்விதழ்கள் அப்பெயரைக் கைவிட்டன. மாணவர்கள் இன்னும் பழைய பெயரை எழுதிவிடுகிறார்கள்.)

நாட்காட்டியை வகுத்தல்

சுண்டெலியின் கருக்காலம் ஏறத்தாழ 19 நாட்கள். இரவில் ஆணுடன் விட்ட பெண்ணை மறுநாட் காலையில் பார்த்து, இணைசேர்ந்ததன் அடையாளமாக யோனி வாயில் உறைந்த வெண்ணிற அடைப்பு இருந்தால், அன்றைய நண்பகலை 0.5ஆம் நாள் என்று கொள்வது வழக்கம். 9.5ஆம் நாளளவில் முன்குடலின் வயிற்றுப்புறத்திலிருந்து சுவாசப்பை அரும்புகள் வெளிப்படுகின்றன. 12 முதல் 16.5 வரை குழாய்கள் மரம்போலக் கிளைக்கும் போலிச்சுரப்பி நிலை, 17.5 வரை கால்வாய் நிலை. அதன்பின் பிறந்து நான்கைந்து நாட்கள் வரை பை நிலை. அதைத் தொடர்ந்து ஏறத்தாழ நான்கு கிழமைகள் சிற்றறைகள் பிரியும் நிலை. உரிய மாதத்தில் பிறக்கும் மனிதக் குழந்தையின் சுவாசப்பை சிற்றறை நிலைக்குள் புகுந்துவிட்டிருக்க, சுண்டெலிக் குட்டியோ பை நிலையிலேயே பிறந்து மூச்சுவிடத் தொடங்குகிறது. பொரளையில் உள்ள சீமாட்டி றிட்ஜ்வே சிறுவர் மருத்துவமனையில் மூச்சிரைப்புடன் கிடக்கும் கைக்குழந்தையை நினைத்துக்கொண்டு சுண்டெலிக் குட்டியைப் பார்ப்பவர்கள் இந்த வேறுபாட்டை மறக்கக்கூடாது. நான்கு நாட் குட்டியின் சுவாசப்பை, குறைமாதக் குழந்தையினதைத்தான் ஒத்திருக்கிறது.

கருவில் 12.5, 14.5, 16.5, 18.5ஆம் நாட்களும், பிறப்புக்குப் பின் 0, 5, 14, 28ஆம் நாட்களும் போதுமான ஏணியைத் தரும். பிசிர்க் கலங்களும் கிளப் கலங்களும் தம் அடையாளங்களைக் காட்டத் தொடங்குவது கருவின் 16ஆம் நாளையொட்டித்தான் என்பதால், பணம் குறைவாக இருந்தால் 12.5ஐ விட்டுவிடலாம். 16.5க்கும் 5ஆம் நாளுக்கும் இடைப்பட்ட காலத்தை விடக்கூடாது. அடைப்பைக் கண்ட நேரத்தை மட்டும் நம்பாமல், கால்விரல்கள் பிரிந்துள்ளனவா, தோல் சுருங்கியுள்ளதா போன்ற புறத்தோற்றங்களைக் கொண்டு ஒவ்வொரு கருவின் வயதையும் சரிபார்க்க வேண்டும். ஒரே தாயின் கருக்களுக்கிடையேகூட அரை நாள் வித்தியாசம் காணப்படும்.

விலங்குகளும் அனுமதியும்

இலங்கையில் 1907ஆம் ஆண்டின் 13ஆம் இலக்க விலங்கு வதைத் தடுப்புக் கட்டளைச்சட்டம் இன்றும் நடைமுறையில் உள்ளது. அதற்கும் மேலாக, உங்கள் பீடத்தின் நெறிமுறைக் குழுவின் எழுத்துமூல அனுமதி கிடைத்த பின்னரே விலங்கை வாங்க வேண்டும். ஆய்விதழ்களும் அந்த அனுமதியின் இலக்கத்தைக் கேட்கும். கொழும்பில் பலரும் பொரளையிலுள்ள மருத்துவ ஆராய்ச்சி நிறுவகத்திலிருந்தே சுண்டெலிகளைப் பெறுகிறார்கள். விண்ணப்பத்தில் கருக்களையும் எண்ணிக் காட்டுங்கள். தாயை மட்டும் எண்ணி எழுதிய விண்ணப்பங்கள் திரும்பி வருவதைப் பார்த்திருக்கிறேன்.

உயிர் நீக்கும் முறை குறித்து ஒரு கடுமையான எச்சரிக்கை. கருக்களும் புதிதாய்ப் பிறந்த குட்டிகளும் ஒட்சிசன் குறைவைத் தாங்கும் ஆற்றல் மிக்கவை. காபனீரொட்சைட்டு வாயுவில் அவை அசைவற்றுப் போனபின்பும் நெடுநேரம் உயிருடன் இருக்கக்கூடும். எனவே பத்து நாட்களுக்குக் குறைந்த குட்டிகளில் அவ்வாயுவை மட்டும் நம்பாமல், பயிற்சி பெற்ற ஒருவர் உடனடி உடல்முறை ஒன்றையும் கையாள வேண்டும்.

நம் நாட்டு விலங்குமனைகள் பெரும்பாலும் திறந்த கூண்டுகளைக் கொண்டவை. நுண்ணுயிர்த் தடுப்பு வளாகங்கள் அல்ல. அங்கே சுண்டெலிகளைப் பற்றும் மைக்கோப்பிளாஸ்மா பல்மோனிசு போன்ற தொற்று சுவாசவழியில் சளிக் கலங்களைப் பெருக்கிவிடும். மரத்தூள் படுக்கையின் தூசும், ஈரக் கூண்டிலிருந்து எழும் அமோனியாவும் சுவாசவழியை உறுத்தும். கொழும்பின் புழுக்கத்தில் இரண்டு நாட்கள் கூண்டு மாற்றாவிட்டாலே அந்த நெடி மூக்கைத் துளைக்கும். ஆகையால், குட்டிகளின் தகடுகளைப் பார்ப்பதற்கு முன்பாகத் தாயின் சுவாசப்பையை நிறமூட்டிப் பாருங்கள். நலமான வளர்ந்த சுண்டெலியின் உட்சுவாசக்குழாய்களில் கிண்ண வடிவச் சளிக் கலங்கள் மிக அரிது. தாயில் அவை வரிசையாக நின்றால், உங்கள் குட்டிகளில் காணப்போவது வளர்ச்சியின் கதையன்று, கூண்டின் கதை. எனக்குத் தெரிந்தவரை மிகச் செலவு குறைந்த தரக்கட்டுப்பாடு இதுவே.

இழையத்தை எடுத்து நிலைப்படுத்தல்

14.5ஆம் நாள் வரையான கருக்களில் சுவாசப்பையைத் தனியே பிரிக்காமல், தலையையும் கால்களையும் நீக்கி உடற்பகுதியை முழுதாக நிலைப்படுத்துவது நல்லது. 18.5ஆம் நாளிலும் ஒன்றிரண்டு கருக்களை அவ்வாறே முழு உடற்பகுதியாக வைத்துக்கொள்ளுங்கள். என்புகள் அப்போது சிறிது கடினமாகியிருப்பதால், மெழுகிடுவதற்கு முன் சுண்ணகம் நீக்க நேரலாம். ஒரே வெட்டுமுகத்தில் சுவாசப்பை, வாதனாளியின் கசியிழைய வளையங்கள், ஈரல், இரைப்பை ஆகியன சேர்ந்து கிடைக்கும். பின்னர் வரும் ஒவ்வொரு சோதனைக்கும் அதே தகட்டிலேயே ஒப்பீடு உள்ளது என்பதன் பெறுமதி அப்போது புரியும். 4 சதவீதப் பராபோமல்டிகைட்டிலோ, நடுநிலையாக்கிய 10 சதவீதப் போமலினிலோ ஓரிரவு வைத்துப் பின் எதனோலுக்கு மாற்றலாம்.

பிறந்த குட்டிகளில் வழக்கமான முறை, வாதனாளியில் மெல்லிய குழாயைச் செருகி, 20 முதல் 25 சென்ரிமீற்றர் நீரமுக்கத்தில் நிலைப்படுத்தியைச் செலுத்திச் சுவாசப்பையை விரித்தல். சிற்றறைகளை அளப்பதற்கு அது இன்றியமையாதது. ஆனால் குழாயினுள் கிடக்கும் சளியைப் பார்க்க விரும்பினால், அந்தத் திரவமே அதைக் கழுவி ஆழத்துக்குத் தள்ளிவிடும். அப்படிப்பட்ட தேவைக்குச் சில குட்டிகளை ஒதுக்கி, சுவாசப்பையை விரிக்காமலே மெதக்கார்ன் கலவையில் அமிழ்த்துங்கள்: மெதனோல் 60, குளோரோபோம் 30, பனி அசற்றிக் அமிலம் 10 பங்கு. நீரற்ற இக்கலவை சளிப்படையைச் சுருக்காமல் ஓரளவு அதன் இடத்திலேயே பிடித்து வைக்கும். குளோரோபோம் ஆவி புகைபோக்கிப் பெட்டிக்குள்ளேயே இருக்கட்டும். யன்னலைத் திறந்து வைப்பது அதற்கு ஈடாகாது.

சுண்டெலியின் இடச் சுவாசப்பை ஒரே சோணை, வலப்பக்கம் நான்கு. எண்ணிக்கைக்கு இடப்பக்கத்தைப் பயன்படுத்துவதே எளிது. அதன் நடுவே நீளும் முதன்மைக் குழாயின் போக்கைக் கண்டு, அதற்குக் குறுக்காக எப்போதும் ஒரே மட்டத்தில் வெட்டலாம். பரபின் மெழுகில் பதித்து 5 மைக்குரோமீற்றர் தடிப்பில் சீவுங்கள். பிற்பகல் வெயிலில் மெழுகுக்கட்டி இளகி வெட்டுகள் சுருங்கும்; கட்டியையும் அலகையும் பனிக்கட்டியில் வைத்துக் காலையிலேயே சீவி முடிப்பது கொழும்பில் நாங்கள் கற்ற பழக்கம்.

நிறமூட்டலும் அதன் மூன்று பொறிகளும்

அல்சியன் நீலத்தையும் பெரயோடிக் அமில-ஷிஃப் முறையையும் அடுத்தடுத்துச் செய்வதே நிலைபெற்ற வழி. அமிலச் சளி நீலமாகவும், நடுநிலைச் சளி சிவப்பூதாவாகவும், இரண்டும் கலந்தது கத்தரிப்பூ நிறமாகவும் தோன்றும்.

மெழுகு நீக்கி நீருக்குக் கொண்டுவந்த தகட்டை, 3 சதவீத அசற்றிக் அமிலத்தில் கரைத்த 1 சதவீத அல்சியன் நீலத்தில், பீ.எச். 2.5இல், 30 நிமிடங்கள் வைத்து ஓடும் நீரில் கழுவுங்கள். பின் 0.5 சதவீதப் பெரயோடிக் அமிலத்தில் 5 முதல் 10 நிமிடம். வடித்த நீரில் அலசல். ஷிஃப் கரைசலில் 15 நிமிடம். அதன்பின் ஓடும் நீரில் 10 நிமிடம், ஏனெனில் நிறம் முழுமையாக எழுவது இந்தக் கழுவலில்தான். இறுதியாக ஹீமற்றொக்சிலினில் மிகக் குறுகிய நேரம் தோய்த்து, நீரகற்றி, சைலீனில் தெளிவாக்கி மூடியை ஒட்டுங்கள். ஹீமற்றொக்சிலின் மிகுந்தால் அதன் நீலம் அல்சியன் நீலத்துடன் கலந்து கண்ணை ஏமாற்றும். வரிசையை மாற்றி ஷிஃபை முன்னுக்குக் கொண்டுவரக்கூடாது.

ஷிஃப் கரைசல் வெப்பத்தில் கந்தகவீரொட்சைட்டை இழந்து கெட்டுப்போகும். குளிர்சாதனப் பெட்டியில் வைத்து, பயன்படுத்துமுன் அறை வெப்பநிலைக்கு வரவிட்டு, போமலின் துளிகளில் சில சொட்டுகளை விடுங்கள். உடனே கடுஞ்சிவப்பூதாவானால் நல்லது. தயங்கித் தயங்கி நீலமாக மாறினால் கொட்டிவிடுங்கள். 2022ஆம் ஆண்டு மார்ச்சு இறுதியில் ஒரு நாளில் 13 மணி நேரம்வரை மின்வெட்டு இருந்த காலத்தில், போத்தலைத் திறந்ததும் கரைசல் வெளிர்சிவப்பாகி நின்ற கதையைக் கேளாத ஆய்வுகூடம் குறைவு.

இனிப் பொறிகள். முதலாவது கிளைக்கோசன். கருவின் சுவாசப்பையில் குழாய்களின் உட்புறத்தைப் போர்த்தும் மேலணிக் கலங்கள் கிளைக்கோசனைக் குவித்து வைத்திருக்கின்றன. சிற்றறையில் மேற்பரப்பிழுவிசையைக் குறைக்கும் பொருளை ஆக்கும் கலங்கள், கருக்காலத்தின் இறுதியில் தம் கிளைக்கோசனைச் செலவழித்தே அதன் கொழுப்புக் கூறுகளைக் கட்டுகின்றன. பெரயோடிக் அமிலம் கிளைக்கோசனின் வெல்ல அலகுகளையும் மியுசினின் வெல்லங்களையும் வேறுபடுத்தாது. எனவே ஒவ்வொரு விலங்கிலும் அடுத்தடுத்த இரண்டு வெட்டுகளில் ஒன்றை, நிறமூட்டுமுன் அமிலேசு நொதியத்தால் 37 பாகை செல்சியசில் ஒரு மணி நேரம் செரிக்க வைத்தே ஆகவேண்டும். நொதியம் வாங்க வழியில்லாவிட்டால் உமிழ்நீரே போதும். நம் உமிழ்நீரிலுள்ள அமிலேசு இதே வேலையைச் செய்கிறது. நொதியம் வேலை செய்ததா என்பதை அறிய, 18.5ஆம் நாள் உடற்பகுதி வெட்டில் கிளைக்கோசன் நிறைந்த ஈரலைப் பாருங்கள்: செரித்த தகட்டில் அது வெளிறியிருக்க வேண்டும், செரிக்காததில் சிவந்திருக்க வேண்டும். ஈரல் வெளிறியும் சுவாசக்குழாய் சிவந்தே இருந்தால் மட்டும் மியுசினைப் பற்றிப் பேசத் தொடங்கலாம்.

இரண்டாவது பொறி, கருவின் தளர்ந்த தொடுப்பிழையத்தில் நிறைந்த ஐயலுரோனிக் அமிலம் என்ற அமில வெல்லச் சங்கிலி. பீ.எச். 2.5இல் அது நீலமேறி, மேலணிக்கு வெளியே வானம்போலப் பரவி நிற்கும். கசியிழையமும் கடும் நீலமாகும். அது தவறன்று, நீல நிறம் வேலை செய்தது என்பதற்கான சான்று. கணினியில் நீலப் பரப்பைத் தானாக அளக்கும் நிரலை ஓட்டுபவர்கள், மேலணியின் எல்லையைக் கையால் வரைந்துவிட்டே அளக்க வேண்டும். இல்லையேல் 14.5ஆம் நாள் கருதான் உலகிலேயே சளி மிகுந்த விலங்காகிவிடும்.

மூன்றாவது, மேலே கூறிய சேமிப்புச் சிக்கல். அதற்கு நிறமூட்டலுக்குள் தீர்வு இல்லை.

புரதத்தையும் ஆர்.என்.ஏ.யையும் பார்த்தல்

ஆகவே குறிப்பிட்ட புரதத்தை மட்டும் பற்றும் பிறபொருளெதிரியைக் கொண்டு மியுசினை நேரடியாகத் தேட வேண்டும். 5ஏசிக்கான 45எம்1 என்ற ஓரினப் பிறபொருளெதிரி சுண்டெலியிலும் பரவலாகக் கையாளப்படுகிறது. இரைப்பையின் மேற்பரப்புக் கலங்கள் 5ஏசியை மிகுதியாக ஆக்குவதால் அதே விலங்கின் இரைப்பையே ஒப்பீடு. 5பிக்காக விற்கப்படும் பிறபொருளெதிரிகளில் பல மனிதப் புரதத்துக்கென ஆக்கப்பட்டவை. சுண்டெலியில் பிடிக்குமா என்பதை வாங்குமுன் கேட்டறியுங்கள். வெல்லச் சங்கிலிகள் புரதத்தை மூடி மறைப்பதால், ஆக்கிய உடனேயான மியுசினைக் காட்டும் பிறபொருளெதிரி முதிர்ந்த மணியைக் காட்டாதிருக்கலாம். அதே தகட்டில் கிளப் கலத்தின் சுரப்புப் புரதத்தையும் பிசிர்க் கலத்தின் அசற்றைலேற்றிய தியுபுலினையும் குறித்தால், மியுசினைச் சுமப்பது எந்தக் கலம் என்று தெரியும்.

ஆர்.என்.ஏ. அளவீட்டில் பலர் இடறும் இடம் ஒன்றே. கருவின் சுவாசப்பையில் மேலணிக்கும் அதைச் சூழ்ந்த இடையிழையத்துக்குமான விகிதம் நாளுக்கு நாள் மாறுகிறது. முழுச் சுவாசப்பையை அரைத்து, எல்லாக் கலங்களிலும் ஏறத்தாழ ஒரே அளவில் இயங்கும் ஒரு வழக்கமான மேற்கோள் பரம்பரையலகோடு மட்டும் ஒப்பிட்டால், மேலணியின் பங்கு கூடியதையே மியுசின் கூடியதாக எழுத நேரும். இரண்டுக்குக் குறையாத மேற்கோள்களுடன், ஈ-கதேரின் போன்ற மேலணி அடையாளம் ஒன்றோடும் ஒப்பிட்டுக் காட்டுங்கள். வாதனாளியை எந்த வளையத்தில் வெட்டுகிறீர்கள் என்பதையும் ஒரே சீராக வைத்திருங்கள். வளர்ந்த சுண்டெலியில் சளிச்சுரப்பிகள் வாதனாளியின் மேற்பகுதியில் மட்டுமே உள்ளன, ஓரிரு வளையங்கள் கூடக்குறைய வந்தால் எண்கள் ஆடும்.

சளிக் கலங்கள் பெருகியிருப்பதைக் கண்டால், அதன் காரணத்தைத் தேடும் பாதை ஓரளவு தெரிந்ததே. ஒவ்வாமையின்போது சுரக்கும் இன்ரலியூக்கின்-13 என்ற சமிக்ஞைப் புரதம் வந்தால் கிளப் கலம் கிண்ணக் கலமாக உருமாறுகிறது; பரம்பரையலகுகளை இயக்கும் ஸ்பிடெப் என்ற படியெடுப்புக் காரணி அதை முன்தள்ளுகிறது; பொக்சேஏ2 என்ற இன்னொரு காரணி அதைத் தடுத்து வைக்கிறது. பொக்சேஏ2 இல்லாத சுவாசப்பையில் பிறப்புக்குப் பின் சளிக் கலங்கள் பெருகுவதோடு சிற்றறைகளும் சரியாகப் பிரியாமற் போவது 2004இல் காட்டப்பட்டது. அண்டைக் கலங்கள் தமக்குள் பரிமாறும் நொச் சமிக்ஞை குறைந்தாலும் பிறப்புக்குப் பிந்தைய வளர்ச்சியில் சளிக் கலங்கள் மிகும் என்பது 2011இல் தெரியவந்தது. சளியின் அளவும் சிற்றறையின் வடிவமும் ஒரே கைப்பிடியில் கட்டப்பட்டிருப்பதை இவை உணர்த்துவதால், ஒன்றை அளப்பவர் மற்றதையும் பார்ப்பது நன்று.

எண்ணுதல்

நூறு கலங்களில் எத்தனை நிறமேறியவை என்று எண்ணுவது எளிது. ஆனால் கலங்களின் பருமன் வளர்ச்சியோடு மாறுவதால் அது வயதுகளை ஒப்பிட ஏற்றதன்று. மேலணிக்குள் நிறமேறிய பரப்பை அளந்து, அதே குழாயின் அடித்தள மென்றகட்டின் நீளத்தை 1.27ஆல் பெருக்கி வரும் எண்ணால் வகுத்தால், ஓர் அலகு மேற்பரப்பில் எவ்வளவு சளி சேமிக்கப்பட்டுள்ளது என்பது கிடைக்கும். பரப்பும் நீளமும் மைக்குரோமீற்றர் அளவில் இருந்தால், விடை நேரடியாகச் சதுர மில்லிமீற்றருக்கு இத்தனை நனோலீற்றர் என்று வந்துவிடும். அமிலேசு செரித்த தகட்டிலேயே இதை அளக்க வேண்டும். தகட்டின் வயதைக் குறிக்கும் துண்டை மறைத்து, இன்னொருவரைக் கொண்டு இலக்கமிடச் செய்து அளப்பது கட்டாயம், ஏனெனில் 28ஆம் நாள் என்று தெரிந்தவுடன் கண் தானாகவே குறைத்துப் பார்க்கும்.

புள்ளிவிவரத்தில் ஓர் அலகு என்பது ஒரு குட்டியன்று, ஓர் ஈற்று. ஒரே தாய்க்கு ஒரே நாளில் பிறந்த எட்டுக் குட்டிகளை எட்டுத் தனி அளவீடுகளாகக் கொள்வது, ஒரே வீட்டில் எட்டுப் பேரிடம் கேட்டுவிட்டு வெள்ளவத்தை முழுவதையும் கேட்டதாகச் சொல்வதைப் போன்றது. ஒரு வயதுக்கு ஐந்தாறு ஈற்றுகள், ஒவ்வொன்றிலிருந்தும் இரண்டு குட்டிகள் என்று திட்டமிட்டு, ஈற்றின் சராசரியையே அட்டவணையில் இடுங்கள்.

தகடுகளைப் பொறுத்தவரை, அளந்து முடித்த அன்றே அனைத்தையும் படம் எடுத்துவிட வேண்டும். ஷிஃப் நிறம் ஒளிபட்டால் மெல்ல மங்கும், மழைக்காலத்தில் மூடியின் ஓரத்தால் ஈரமேறிப் பூஞ்சணமும் பிடிக்கும். மூடிய பெட்டியில் சிலிக்காப் பொட்டலத்துடன் வைத்து, செரித்த தகட்டையும் செரிக்காத தகட்டையும் பக்கத்துப் பக்கத்துத் துளைகளில் இருத்துங்கள். பின்னாளில் யாராவது அந்தச் சிவப்பைக் குறித்துக் கேள்வி எழுப்பினால், இரண்டையும் ஒன்றாக எடுத்துக் காட்டலாம்.